கேஸ் மாத்திரையைப் பொடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

வெப்பத்துக்கும் அமிலத்துக்கும் ஏற்பத் தன்மை மாறும் பாலிமர்கள் (நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள்) பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையை விரும்பிப் படித்தேன். 32 டிகிரி செல்சியசுக்கு மேல் தண்ணீரை உதறிச் சுருங்கும் பாலிமரைத் தட்டில் பூசி, அதன்மேல் செல்களை வளர்த்து, தட்டைக் குளிரவைத்து அவற்றை ஒரே படலமாக உரித்தெடுத்த டோக்கியோ ஆய்வாளர்களின் திறமை வியக்கவைக்கிறது. அமிலத்தை அறியும் பாலிமரோ நம் வீட்டு மாத்திரை டப்பாவிலேயே இருக்கிறது. மருந்துக்கடை நடத்துபவன் என்ற முறையில் அதைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'கேஸ் மாத்திரை' என்று கேட்டு வாங்குகிறார்களே, அந்தப் பான்டோபிரசோல் அமிலம் பட்டால் சிதைந்துவிடும். இரைப்பையைப் பத்திரமாகக் கடந்து சிறுகுடலில் இறங்கினால்தான் பலன். அதற்காகவே இத்தகைய மாத்திரைகளுக்கு மெத்தாக்ரிலிக் அமிலம் சேர்ந்த பாலிமரைப் பூசுகிறார்கள். இரைப்பையின் கடும் அமிலத்தில் அது கரையாது. சிறுகுடலில் அமிலத்தன்மை குறைந்து, பி.எச். அளவு (அமிலம் குறையக் குறைய இந்த எண் கூடும்) 5.5-ஐத் தாண்டியதும் பாலிமர் சங்கிலியிலுள்ள அமிலத் தொகுதிகள் ஹைட்ரஜனை விட்டு எதிர்மின்னூட்டம் பெறும், ஒன்றையொன்று தள்ளும், இடையில் தண்ணீர் புகுந்து பூச்சு கரையும். சேர்மான விகிதத்தை மாற்றி பி.எச். 6-லோ 7-லோ கரையும்படியும் செய்துவிடுகிறார்கள். பெருங்குடல் அழற்சிக்குக் கொடுக்கும் மெசலமைன் மாத்திரைகள் சிலவற்றுக்கு 7-ல் கரையும் பூச்சுதான். எவ்வளவு நுணுக்கமான வேலை!

இத்தனையும் வீட்டில் ஒரு கரண்டியின் அடியில் நசுங்கிப்போகிறது. விழுங்க முடியாத பெரியவர்களுக்காகப் பிள்ளைகள் அக்கறையோடு பொடித்து, தேனில் குழைத்துக் கொடுக்கிறார்கள். மேலே இருக்கும் மஞ்சள் தோல் சில்லுசில்லாகி, உள்ளேயிருக்கும் வெள்ளைப் பொடி நேராக அமிலத்தில் விழுகிறது. பிறகு, "மாத்திரை கேட்கவே இல்லை, வேறு கொடுங்கள்" என்று கடைக்கு வருகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அட்டையில் 'கேஸ்ட்ரோ ரெசிஸ்டன்ட்' (இரைப்பையில் கரையாதது) என்று பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தால் யாருக்குப் புரியும்?

'உடைக்காமல், மெல்லாமல் முழுதாக விழுங்கவும்' என்று அந்தந்த மாநில மொழியில் அட்டையிலேயே அச்சிட அரசு விதி கொண்டுவர வேண்டும். அதுவரை நாங்கள் கவரின் மேல் பேனாவால் எழுதிக் கொடுக்கலாம். என் கடையில் அப்படித்தான் செய்கிறேன். விழுங்கச் சிரமம் இருந்தால் மருத்துவரிடம் சொல்லி மாற்று மருந்து கேளுங்கள். ஒமிப்ரசோல் கேப்சூலுக்குள் இருக்கும் சிறு உருண்டைகள் ஒவ்வொன்றுக்கும் இதே காப்பு உண்டு. அவற்றையும் நசுக்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
விருதுநகர்.