எண்ணூரிலும் காடு இருக்கிறது

உயர்கல்வித் துறையிலும் வனத்துறையிலும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் இந்தப் பக்கம் நடந்த ஒரு மேற்படிப்பு வழிகாட்டி முகாமுக்கு மகளோடு போயிருந்தேன். வனவியல் படிப்பு சென்னையில் எங்காவது உண்டா என்று கேட்டாள். மேசையில் இருந்தவர் சிரித்துவிட்டார். "எண்ணூர்ல ஏதும்மா காடு? பி.காம். போடு" என்றார். வரிசையில் நின்ற பிள்ளைகளும் சிரித்தார்கள். வீடு வரும்வரை அவள் வாய் திறக்கவில்லை.

ஐயா, கொசஸ்தலை ஆற்றுக் கழியில் நிற்கும் கண்டல் என்னும் அலையாத்தி மரக்கூட்டம், காடு இல்லையா? அதன் வேர்களுக்குள்தான் இறால் குஞ்சு வளர்கிறது. என் அம்மா இறால் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் இறால் தடவித்தான் எங்களை வளர்த்தார். இன்று அங்கே கால் வைத்தால் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்த சேற்றில் புதைகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கண்டல் தண்டிலும் வேரிலும் கறுப்பாக அப்பிக்கொண்டது. அதைப் படகிலிருந்து பார்த்த அன்றுதான், இதைத்தான் படிப்பேன் என்றாள் மகள்.

வனவியல் கல்லூரி மேட்டுப்பாளையத்தில் இருக்கிறது. அதன்மேல் எனக்குக் குறையே இல்லை. ஆனால் இங்கிருந்து சுமார் 500 கிலோமீட்டர். நான்கு வருட விடுதிச் செலவு, போக்குவரத்து, சாப்பாடு என்று இரண்டு இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டோம். வலையில் வருவது எந்தக் கணக்கிலும் போதவில்லை. மூன்றாம் நாள் அவளே "வேணாம்பா" என்று சொல்லிவிட்டு, பக்கத்துக் கல்லூரியில் பி.காம். விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். வடசென்னையில் ஓர் அரசுக் கல்லூரியில் வன மேலாண்மைப் பட்டப்படிப்பைத் தொடங்குங்கள். அலையாத்திக் காட்டுக்கென்று அதில் தனிப் பாடம் வையுங்கள்.

நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பசுமை வேண்டும் என்று 1988 தேசிய வனக் கொள்கை சொன்னது. பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் 33 விழுக்காடு என்கிறது. சரி, அதை யார் செய்வது? கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்டு போவதை எத்தனை வருடமாகப் பார்க்கிறோம்! ஓதம், அதாவது கடல் நீர்மட்டம், ஏறி இறங்காத இடத்தில் நட்ட கண்டல் நிற்காது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி, தண்ணீரை உள்ளே விட்ட பிறகுதான் அழிந்த இடம் துளிர்த்தது. படித்தவர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து செய்த வேலை அது. அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்துக்கும் குப்பைமேட்டுக்கும் வடசென்னையில் இடம் கிடைத்தது. இந்தப் படிப்புக்கு மட்டும் ஒரு வகுப்பறை கிடைக்காதா?

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். என் மகளுக்கு இனி இது உதவாமல் போகலாம். ஆனால் எங்கள் குப்பத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். வரும் கல்வியாண்டிலாவது அந்தப் படிப்பை இங்கே தொடங்கித் தாருங்கள். முடிவு எடுக்கும் முன்பு ஒருநாள் வாருங்கள், ஓதம் ஏறும் நேரமாகப் பார்த்து நானே படகில் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
எண்ணூர்க் கழியில் வலை போடும் ஒரு தகப்பன்