ஆழமாகப் புதைக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

மரக்கன்று நடுவோர் பலர் செய்யும் பெரிய தவறு, ஆழமாகப் புதைப்பது. அடித்தண்டு விரிந்து வேராகப் பிரியும் இடம் மண்மட்டத்தில் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அது மண்ணுக்குள் போனால் பட்டை அழுகும். காற்றில்லாமல் வேர் திணறும். கன்று உடனே சாவதில்லை, சில ஆண்டுகள் கழித்துத்தான் வாடும். அதனால் காரணம் யாருக்கும் புரிவதில்லை. வேரும் அதைப் பற்றிய மண்ணும் சேர்ந்த வேர்க்கட்டியின் உயரமே குழியின் ஆழம். குழியின் அகலம் வேர்க்கட்டியின் அகலத்தைப் போல் 2, 3 மடங்கு இருக்கட்டும். பையைக் கிழித்ததும், வட்டமாகச் சுற்றிய வேர்களைப் பிரித்துவிடுங்கள். அப்படியே விட்டால் பிற்காலத்தில் அவையே தண்டை இறுக்கும்.

என்னை மிகவும் வருத்துவது முட்டுக்கம்பில் கட்டிய கயிறு. அதை அவிழ்க்க ஒருவரும் திரும்பி வருவதில்லை. தண்டு பருக்கப் பருக்கக் கயிறு பட்டைக்குள் இறங்குகிறது. இலை செய்த உணவு வேருக்குப் போகும் பாதையே அந்தப் பட்டையில்தான் இருக்கிறது! கட்டு தளர்வாக இருக்கட்டும். காற்றில் சற்று ஆடினால்தான் தண்டு உறுதிப்படும். ஓராண்டில் அவிழ்த்துவிடுங்கள்.

மண்ணின் மேல் இலைதழை பரப்பி மூடாக்கு போடுவது நல்லது, தண்டை ஒட்டாமல்.

நடுவிழா நடத்துவோர், முதல் 2 ஆண்டுகள் தண்ணீர் ஊற்றப்போவது யார் என்பதை அன்றே முடிவுசெய்ய வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்