எங்கள் டிராயிங்கை எங்களாலேயே திறக்க முடியவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசைன் மென்பொருள்களின் புதிய வெர்ஷன்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பயனுள்ள தகவல்கள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், சிறு பட்டறைக்காரர்கள் புதியதைக் கற்றுக்கொள்ளத் தயங்குகிறார்கள், அதனால்தான் பழைய வெர்ஷனையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற பொருளில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

கோவை கணபதியில் பம்ப் காஸ்டிங்குகளுக்கு (வார்ப்புகளுக்கு) பேட்டர்ன், அதாவது மண்ணில் அச்சு எடுக்கும் மாதிரி உருவம், வரைந்து கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். என்னையும் சேர்த்து நான்கு பேர். பாலிடெக்னிக்கில் மினி டிராஃப்டர் பிடித்து, டிரேசிங் பேப்பரில் இங்க் பேனாவால் கோடு போட்டுப் படித்தவன் நான். அதை விட்டுக் கம்ப்யூட்டருக்கு வந்தேன். 2டியிலிருந்து 3டிக்கு வந்தேன். நாற்பது வயதுக்கு மேல் சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் இயந்திரம்) புரோகிராம் போடக் கற்றேன். எங்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத் தயங்குகிறவர்கள் என்று சொல்லலாமா ஐயா?

போன ஆடியில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு வேலை கொடுக்கும் கம்பெனி புதிய வெர்ஷனுக்கு மாறியிருந்தது. எங்களிடம் இருந்தது அதற்கு இரண்டு வருடம் முந்தையது. ஒரு வால்யூட் கேசிங்கின் (பம்பின் சுருள் வடிவ வெளிக்கூடு) ஃபைலை அனுப்பினார்கள், திறக்கவில்லை. பழைய வெர்ஷனில் சேமித்து அனுப்புங்கள் என்று கேட்டோம். அந்த மென்பொருளில் அதற்கு வழியே கிடையாது. அப்புறம் வெவ்வேறு மென்பொருள்களும் படிக்கக்கூடிய பொது வடிவமான ஸ்டெப் ஃபைலாக மாற்றி அனுப்பினார்கள்.

ஸ்டெப்பில் உருவம் மட்டும்தான் வரும், அது உருவான வழி வராது. எந்த ஸ்கெட்ச்சிலிருந்து எந்தச் சுவர் எழுந்தது, எந்த ரேடியஸ் (ஓரத்து வளைவு) எந்த அளவைச் சார்ந்து நிற்கிறது என்று எதுவும் தெரியாது. மொத்தமும் ஒரே கட்டியாக வந்து நிற்கும். வார்ப்பு வேலைக்கு அது போதாது என்று உங்களுக்கே தெரியும். வார்ப்பிரும்பு ஆறும்போது மீட்டருக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் சுருங்கும். அதற்கு அளவைக் கூட்டுவது பெரிய விஷயமில்லை, கட்டியையும் பெரிதாக்கிவிடலாம். டிராஃப்ட்தான் பிரச்சினை. மண்ணை உடைக்காமல் பேட்டர்ன் வெளியே வர, சுவர்களுக்கு ஒன்றிரண்டு டிகிரி சாய்வு கொடுத்தாக வேண்டும். வால்யூட்டின் வளைந்த சுவரில், கட்டியாக வந்த மாடலில் அந்தச் சாய்வைக் கொடுக்கப் போனால், ஓரத்து ரேடியஸ் ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டு வரும். நானும் எங்கள் டிராஃப்ட்ஸ்மேன் தம்பியும் இரண்டு ராத்திரி உட்கார்ந்து முதலிலிருந்து வரைந்தோம். அந்த இரண்டு ராத்திரிக்கு யாரிடம் பில் போடுவது?

சரி, மாறிவிடலாம் என்று கடன் வாங்கிப் பணம் கட்டினோம். மூன்று கம்ப்யூட்டரில் இரண்டு அதற்குத் தாங்கவில்லை, கிராஃபிக்ஸ் கார்டு போதாது என்றார்கள். அதையும் மாற்றினோம். பிறகு எங்கள் பழைய மாடல்களைத் திறந்தால், சென்ற வெர்ஷன்வரை சரியாக இருந்த ரேடியஸ்கள் சிவப்பாக எரர் காட்டின. பாதிக் கட்டளைகள் வேறு இடத்துக்குப் போயிருந்தன. அந்தத் தம்பிக்குப் பதினோரு வருட அனுபவம். கை தானாகப் போகிற இடத்தில் பட்டன் இல்லை. முதல் வாரம் முழுக்க ஒரு மணி நேர வேலைக்கு இரண்டு மணி நேரம் ஆனது. வேகம் குறைந்துபோச்சு அண்ணா என்று என்னிடம் வந்து வருத்தப்பட்டான். தப்பு அவன் மேல் இல்லை.

இதைவிடப் பழைய காயம் ஒன்று உண்டு. 2001-ல் முதல் லைசென்ஸை வீட்டு நகையை அடகு வைத்து வாங்கினேன். கம்ப்யூட்டரின் பின்னால் டாங்கிளை (லைசென்ஸுக்குச் சாவி போன்ற சிறு கருவி) செருகினால் வேலை செய்யும், எத்தனை வருடமானாலும் அது நம்முடையது. இன்று எங்கே பார்த்தாலும் வருடச் சந்தா. 2020 ஊரடங்கில் நான்கு மாதம் வேலையே இல்லை, எங்களால் சந்தா கட்ட முடியவில்லை. மென்பொருள் பூட்டிக்கொண்டது. அதற்கு முந்தைய வருடம் நாங்களே வரைந்த டிராயிங்கில் ஒரு அளவைச் சரிபார்க்க முடியாமல், பிரிண்ட் எடுத்து வைத்த காகிதத்தைத் தேடினோம்.

இது எங்கள் நான்கு பேரின் குறை மட்டும் இல்லை. ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருள் 1982-ல் வந்தது. 2009 பதிப்பில் ரிப்பன் (கட்டளைகளை அடுக்கிய மேல் பட்டை) வந்தது, 2015 பதிப்பில் பழைய மெனு இருந்த கிளாசிக் அமைப்பையே எடுத்துவிட்டார்கள், 2016-ல் நிரந்தர லைசென்ஸ் விற்பதையும் நிறுத்தினார்கள். ஆனாலும் அதில் பழைய வடிவத்தில் சேமித்துக் கொடுக்க இன்றும் முடியும், அந்த மரியாதையைச் சொல்லியாக வேண்டும். சாலிட்ஒர்க்ஸ் என்ற 3டி மென்பொருளின் முதல் பதிப்பு 1995-ல் வந்தது. முந்தைய பதிப்பாகச் சேமிக்கும் வசதி 2024 பதிப்பில்தான் கிடைத்தது, அதுவும் இரண்டு பதிப்பு பின்னோக்கி மட்டும். (நான் மேலே சொன்னது இந்த இரண்டையும் அல்ல, நாங்கள் பயன்படுத்துவது வேறு.) 2020 ஜூலையில் பிரிட்டனின் பெரிய கட்டடக்கலை நிறுவனங்கள், ஸாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ் உட்பட, ரெவிட் என்ற கட்டட வடிவமைப்பு மென்பொருளின் விலை ஏறுகிறது, வளர்ச்சி அதற்கு ஈடாக இல்லை என்று ஆட்டோடெஸ்க்குக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதின. அவர்களையும் கற்றுக்கொள்ளத் தயங்குகிறவர்கள் என்று எழுதுவீர்களா? எழுத மாட்டீர்கள். எங்களை மட்டும் எழுதினீர்கள். அதுதான் வலிக்கிறது.

பதினைந்து வருடமாக உங்கள் இதழை வாங்குகிறேன். பட்டறையில் வேலைக்குச் சேரும் பையன்களுக்குப் பழைய இதழ்களைப் படிக்கக் கொடுக்கிறேன். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன். இனி எந்த டிசைன் மென்பொருளின் புதிய பதிப்பைப் பற்றி எழுதினாலும், விலையைப் போடும் கட்டத்திலேயே இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள். பழைய பதிப்பில் சேமிக்க முடியுமா, முடியும் என்றால் எத்தனை வருடத்துக்கு முந்தையது வரை? சந்தா நின்றால் நம் ஃபைலைத் திறந்து பார்க்கவாவது முடியுமா? கடன் வாங்கும் முன் எங்களுக்குத் தெரிய வேண்டியது இவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் நெடுநாள் வாசகர்,
கணபதி, கோவை