குழியை அளக்க வாருங்கள்: கண்மாய்க்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

மேலூர்ப் பக்கத்தில் கண்மாய்ப் பாசனத்தில் ஆண்டுக்கு ஒருபோகம் விளையும் ஆயக்கட்டு நிலத்து விவசாயி ஒருவரின் வணக்கம். எங்கள் கண்மாயின் உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்கும் பரப்பில், நடப்பது எதுவும் உங்களுக்குப் புதிதல்ல. அனுமதிச் சீட்டு உங்கள் கையெழுத்தோடுதான் வந்தது. அதை எதிர்த்து நாங்கள் கொடுத்த மனுக்களும் உங்கள் மேசையில்தான் இருக்கின்றன. ஆகவே நேராகவே கேட்கிறேன். ஒருமுறை வந்து, வண்டல் எடுப்பதாகச் சொல்லி அங்கே தோண்டியிருக்கும் குழியின் ஆழத்தை அளந்து பாருங்கள்.

சீட்டில் எழுதியிருப்பது சீமைக் கருவேலத்தை அகற்றவும் வண்டல் எடுக்கவும். இரண்டுக்கும் நாங்கள் விரோதிகள் அல்லர். 2017-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அழிக்க உத்தரவிட்டபோது அரிவாளோடு இறங்கியவர்கள்தாம் நாங்கள். ஆனால் போன வாரம் பொக்லைன் சாய்த்தது நாட்டுக் கருவேலையும் கரையோரத்து நீர்மருதையும். கேட்டதற்கு, "எல்லாம் முள்மரம்தானே" என்றார் ஒப்பந்தக்காரரின் ஆள். மருதுக்கு ஏது முள் என்று ஒரு பெரியவர் திருப்பிக் கேட்டார். பதில் இல்லை, பொக்லைன் மட்டும் அடுத்த மரத்துக்கு நகர்ந்தது.

சீமைக் கருவேலத்தின் பூ கதிர்போல நீண்டு தொங்கும். நாட்டுக் கருவேலின் பூ மஞ்சள் உருண்டை. நாட்டுக் கருவேலின் காய் மணி கோத்ததுபோல் இடையிடையே ஒடுங்கியிருக்கும். ஊரில் ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்குத் தெரிந்த வித்தியாசம் இது. களத்துக்கு வந்து மரங்களில் குறியிட்டிருந்தால் உங்கள் அலுவலர்களுக்கும் தெரிந்திருக்கும்.

உள்வாய்க் காடு வெறும் விறகு அல்ல, ஐயா. மழைக்காலத்தில் மாதக்கணக்கில் தண்ணீருக்குள் நின்று, கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண்ணிலும் தாக்குப்பிடிக்கிற மரங்கள் இந்தச் சமவெளியில் குறைவு. நாட்டுக் கருவேல் அப்படிப்பட்டது. அதன் வேர்முடிச்சு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணுக்குக் கொடுக்கிறது. கொக்கும் நீர்க்காகமும் கிளையில் கூடு கட்டுகின்றன. எச்சமும் இலைச்சருகும் தண்ணீரில் விழுந்து சேறாகின்றன. கரையில் அலை நேராக மோதாமல் உடைப்பது இந்த மரங்கள். கரை மண்ணைப் பிடித்து வைப்பது மருதின் வேர். விலையில்லாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லி நீங்கள் அனுமதி தருகிற வண்டலைச் செழிப்பாக்கும் மரத்தைத்தான் வண்டல் எடுக்கும் பெயரில் வெட்டுகிறீர்கள்.

இனி குழிக்கு வருகிறேன். அதன் சுவரைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். மேலே கறுத்த வண்டல், காய்ந்து வெடித்து, நத்தை ஓடுகளோடு. அதன் கீழே சாம்பல் நிறக் களி. தண்ணீர் தேங்கிக் காற்றுப் புகாத மண் அப்படித்தான் நிறம் மாறும். அந்தச் சாம்பலுக்கு நடுவே செம்பழுப்புக் கோடுகள் இறங்குகின்றன. வேர் போன வழியே காற்று நுழைந்து, மண்ணிலுள்ள இரும்பு துருவேறிய தடங்கள் அவை. ஒரு கட்டியை நனைத்துப் பிசைந்தால் விரலில் ஒட்டும், உருட்டினால் திரியாகத் திரளும். கண்மாயில் தண்ணீரைத் தாங்கி நிறுத்துவது இந்தக் களிதான். அதற்கும் கீழே மஞ்சள் சவுடு, மணல் கலந்த மண். கையில் எடுத்தால் பொலபொலவென உதிர்கிறது. குழி சவுடுக்குள்ளும் இறங்கியிருக்கிறது. வண்டலுக்குச் சீட்டு வாங்கியவருக்கு அங்கே என்ன வேலை? வண்டல் வயலுக்குப் போகும். சவுடு வீட்டுமனைகளை மேடாக்கப் போகும். எதற்கு என்ன விலை என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதனால் என்ன நட்டம் என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டார்கள். குழியைத் தோண்டத் தொடங்கியது போன கோடையில். மழை பெய்து, கால்வாயிலும் வரத்து வந்து, கண்மாயில் தண்ணீர் சேர்ந்தது. சேர்ந்ததெல்லாம் முதலில் போய் நிரப்பியது குழியை. மடையின் அடிமட்டத்துக்குக் கீழே கிடக்கிற தண்ணீர் மடை வழியே எப்படி வெளியேறும்? பயிர் பால் பிடிக்கும் சமயத்தில் மடை வறண்டது. கரையில் நின்றால் குழியில் தண்ணீர் பளபளக்கிறது. மறுபக்கம் திரும்பினால் வயல் வெடித்துக் கிடக்கிறது. வசதியுள்ளவர்கள் டீசல் எஞ்சின் வைத்து இறைத்தார்கள். கடைமடையில் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு நட்டிருந்த ஓர் அம்மா, பதராகிப்போன பயிரை அறுத்து மாட்டுக்குப் போட்டார். குத்தகை நெல்லை மட்டும் வெளியே வாங்கி அளந்தார். சவுடுக்குள் தண்ணீர் இறங்கினால் கிணறு ஊறும் என்று எங்களுக்கு ஆறுதல் சொன்னீர்கள். அந்த அம்மாவுக்குக் கிணறு இல்லை.

ஒன்று எனக்கு விளங்கவே இல்லை. இதே நாட்டுக் கருவேல் நிற்கும் கண்மாய்கள்தாம் முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும். அவை 2022-இல் ராம்சார் தலங்களாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களாக, அறிவிக்கப்பட்டன. பிச்சாவரத்தில் தண்ணீருக்குள் நிற்கும் காட்டைப் பார்க்கப் படகும் டிக்கெட்டும் உண்டு. எங்கள் வட்டாரத்து அரிட்டாபட்டிகூடப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாயிற்று. அதே பகுதியைச் சுரங்கத்துக்கு ஏலம் விட்டதும், மக்கள் தெருவுக்கு வந்த பிறகு ரத்து செய்ததும் வேறு கதை. எங்கள் கண்மாய்க்கோ, பாசனத்துக்காக வெட்டியது என்பதால் 2017-ஆம் ஆண்டு ஈரநில விதிகளில் இடமில்லை. நாரைகள் விதிகளைப் படித்துவிட்டுக் கூடு கட்டியிருக்கலாம். போகட்டும், கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்தருளுங்கள்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அளந்து முடியும் வரை பொக்லைனை வெளியே நிறுத்துங்கள். எஞ்சிய நாட்டுக் கருவேலுக்கும் மருதுக்கும் எண் இடுங்கள். எத்தனை அடி ஆழம், எத்தனை லாரி, எந்தத் தேதி வரை என்று அனுமதியில் உள்ளதைக் கரையில் பலகை வைத்து எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், வந்து குழியை அளங்கள். அளக்கும்போது ஆயக்கட்டுக்காரர்கள் உடன் இருக்க வேண்டும். மடையின் அடிமட்டத்திலிருந்து எவ்வளவு கீழே போயிருக்கிறது என்பதை அங்கேயே எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

ஒருபோகத்துக்குப் பெரியாற்றுத் தண்ணீர் திறந்து, குழி நிரம்பிவிட்டால் அளப்பதற்கு எதுவும் வெளியே தெரியாது. அதற்காகத்தான் ஆய்வு தள்ளிப்போகிறது என்று ஊரில் பேசுகிறார்கள். நான் அப்படி நினைக்க விரும்பவில்லை. எந்த நாள் என்று முந்தின நாள் சொன்னால் போதும், டேப்பை நாங்களே கொண்டுவருகிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
ஆயக்கட்டு விவசாயி ஒருவர்,
மேலூர் வட்டாரம், மதுரை மாவட்டம்.