டிவியில் வந்த சப்டைட்டில் ஆப்பில் ஏன் வரவில்லை? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். விட்டுப்போன நிகழ்ச்சிகளைப் பிறகு இணையத்தில் பார்க்கும் கேட்ச்-அப் சேவைகளைப் பற்றி உங்களில் பலர் ஒரே குறையைச் சொல்கிறீர்கள். டிவியில் ஓடியபோது சப்டைட்டில் இருந்தது, அதே நிகழ்ச்சியை ஆப்பில் போட்டால் இல்லை. பார்வையற்றவர்களுக்காகக் காட்சியை விவரிக்கும் குரலும் அப்படித்தான் காணாமல் போகிறது. கூடவே ஒரு வேண்டுகோளும் வருகிறது: நிகழ்ச்சியை இறக்கி, நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டை எடுத்துவிட்டு, சப்டைட்டில் சேர்த்துத் தர முடியுமா? செட்-டாப் பெட்டியும், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளும் பொருத்தித் தருகிற எங்களிடம் நீங்கள் இதைக் கேட்பது இயல்பு. போனில் அவசரமாகச் சொல்லி முடிகிற விஷயமில்லை என்பதால் விரிவாக எழுதுகிறோம்.

ஒளிபரப்பில் சப்டைட்டில் பெரும்பாலும் படத்திலிருந்து தனியாக வருகிறது. நீங்கள் கேட்டால் டிவி அதைப் படத்தின்மேல் காட்டும். இணையத்தில் ஏற்றும்போது அதை வெப்விடிடி, டிடிஎம்எல் போன்ற வேறொரு வடிவத்துக்கு மாற்ற வேண்டும். விளம்பர இடைவேளைகளை வெட்டியிருந்தால் ஒவ்வொரு வரியின் நேரத்தையும் அதற்கேற்ப நகர்த்த வேண்டும். யாரும் நகர்த்தாமல் விட்டால், ஆள் பேசி முடித்து அறையைவிட்டுப் போன பிறகு அவர் பேச்சு திரையில் வரும். விவரிப்புக் குரலுக்கு வேலை இன்னும் அதிகம். சில ஒளிபரப்புகளில் அந்தக் குரல் மட்டும் தனியாக வந்து, உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்தான் நிகழ்ச்சியின் ஒலியோடு கலக்கிறது. இணையத்துக்கு இரண்டையும் முன்பே கலந்து தனித் தடமாக ஏற்ற வேண்டும். செலவு பிடிக்கும் வேலைதான், ஆனால் செய்ய முடியாத வேலை இல்லை.

பதிப்புரிமை குறுக்கே வரும் இடங்களும் உண்டு. சப்டைட்டிலும் விவரிப்பும் ஒருவர் உட்கார்ந்து எழுதியவை. அவற்றுக்கும் உரிமையாளர் உண்டு. ஒரு சேனல் செய்துவைத்த விவரிப்பு, அந்தப் படத்தை வாங்கும் அடுத்த சேவைக்குத் தானாகப் போய்விடாது. இன்னொன்று கால வரம்பு. 2007 டிசம்பர் 25-இல் அறிமுகமான, பிரிட்டனின் பிபிசி நடத்தும் கேட்ச்-அப் சேவையான ஐபிளேயரில் தொடக்கத்தில் பெரும்பாலான நிகழ்ச்சிகள் 7 நாள்தான் கிடைத்தன. 2014-இல்தான் அது 30 நாளானது. வரம்பு 7 நாளாக இருந்து, சப்டைட்டில் மூன்று நாள் தாமதமாக வந்தால், காது கேளாதவருக்கு மிஞ்சுவது நான்கே நாள்.

சரி, டிஆர்எம் என்கிற பூட்டு? உலாவியில் பூட்டிய வீடியோவை ஓட்டுவதற்கான ஈஎம்ஈ என்ற முறையை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2017 செப்டம்பரில் தரமாக அறிவித்தது. அந்த முறையில் பூட்டு விழுவது படத்துக்கும் ஒலிக்கும். சப்டைட்டில் வழக்கமாகத் திறந்த கோப்பாகவே வருகிறது. ஆகவே, "பாதுகாப்புக் காரணத்தால் சப்டைட்டில் தர இயலவில்லை" என்று ஒரு சேவை உங்களுக்குப் பதில் எழுதினால் அதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

பூட்டு உண்மையிலேயே கை வைக்கும் இடம் வேறு. வேற்றுமொழி வசனத்தின் மொழிபெயர்ப்பு படத்திலேயே பதிந்து வரும்போது, பார்வையற்றவர்கள் திரையைப் படமெடுத்து எழுத்தை வாசிக்கும் மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். பூட்டிய வீடியோவில் அந்தப் படம் பல கருவிகளில் வெறும் கறுப்பாக விழுகிறது. கண் தெரிபவர் முன்னால் எழுத்து பளிச்சென்று நிற்கிறது. ஸ்கிரீன் ரீடருக்கோ அங்கே ஒன்றுமே இல்லை. திருட்டைத் தடுக்கப் போட்ட பூட்டு, சந்தா கட்டியவரையே வெளியே நிறுத்துகிறது. இது எங்களுக்கு ஏற்புடையதே இல்லை.

அப்படியிருந்தும் பூட்டை உடைத்துத் தர மாட்டோம் என்கிறோம். காரணம் சட்டம். ஐ.நா.வின் அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவின் 1996 பதிப்புரிமை உடன்படிக்கை, பூட்டை உடைப்பதற்கு எதிராகச் சட்டப் பாதுகாப்பு தரும்படி உறுப்பு நாடுகளைக் கேட்கிறது. பார்வையற்றோருக்காக 2013-இல் பிறந்த மராகேஷ் உடன்படிக்கை பெரிய வெற்றி. ஆனால் அது புத்தகம் முதலான எழுத்துப் படைப்புகளுக்கும் அவற்றின் ஒலிவடிவத்துக்கும்தான். சினிமாவும் டிவியும் அதற்குள் வரவில்லை. அமெரிக்காவில் சப்டைட்டிலும் விவரிப்பும் சேர்ப்பதற்காகப் பூட்டைத் திறக்க 2018-இல் விலக்கு தந்தார்கள். அதுவும் கல்வி நிறுவனங்களின் மாற்றுத்திறனாளி சேவைப் பிரிவுகளுக்கு மட்டும். இந்தியச் சட்டத்தில் 2012-இல் வந்த திருத்தம் தாராளமானது: எந்த வகைப் படைப்பையும் மாற்றுத்திறனாளிகள் அணுகும் வடிவத்துக்கு மாற்றலாம். ஆனால் லாப நோக்கில்லாமல் செய்யும் தனிநபர்களுக்கும் அமைப்புகளுக்கும்தான் அந்த வழி. காசு வாங்கித் தொழில் செய்கிற எங்களைப் போன்றவர்கள், உரிமையாளர் சம்மதத்துக்குக் காத்திராமல் பெறும் கட்டாய உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

அதனால் எங்கள் உழைப்பைப் புகார் பக்கம் திருப்பியிருக்கிறோம். அங்கே சட்டம் உங்கள் பக்கம் நகர்ந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவில், டிவியில் சப்டைட்டிலோடு வந்த முழு நிகழ்ச்சி இணையத்திலும் சப்டைட்டிலோடு வர வேண்டும் என்பதற்கு 2010-இன் சட்டம் அடித்தளம் போட்டது. பிரிட்டனின் 2024 ஊடகச் சட்டம் பெரிய இணையச் சேவைகளுக்கு 80 சதவீதம் சப்டைட்டில், 10 சதவீதம் காட்சி விவரிப்பு, 5 சதவீதம் சைகை மொழி என்று இலக்கு வைத்திருக்கிறது. 10 சதவீதம் போதாது என்பது எங்கள் கருத்து. ஐரோப்பிய ஒன்றியத்தின் அணுகல் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அது ஆப்பையும் பார்க்கிறது. நல்ல விவரிப்புத் தடம் இருந்தும், அதைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ஸ்கிரீன் ரீடர் "பட்டன், பட்டன்" என்று மட்டும் சொன்னால் தடம் இருந்து என்ன பயன்?

இனி எங்களுக்குப் புகார் அனுப்பும்போது நிகழ்ச்சியின் பெயர், எத்தனையாவது எபிசோட், டிவியில் வந்த தேதி, நீங்கள் பார்த்த கருவி, ஆப்பின் பதிப்பு எண், கோளாறு தொடங்கும் நிமிடம் ஆகியவற்றை எழுதுங்கள். முடிந்தால் அதே நிகழ்ச்சியைக் கணினி உலாவியிலும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். உலாவியில் சப்டைட்டில் வந்தால் கோளாறு ஆப்பில். அங்கும் வராவிட்டால் கோப்பே ஏறவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். இரண்டுக்கும் பதில் சொல்லவேண்டியவர்கள் வேறு வேறு. கடிதத்தை உங்கள் பெயரில் நாங்கள் எழுதித் தருகிறோம், கட்டணம் கிடையாது. சேவையிலிருந்து வரும் பதிலையும் எங்களுக்கு அனுப்பிவையுங்கள். சரியில்லை என்றால் ஒழுங்குமுறை அமைப்புக்கு அடுத்த கடிதம் போகும்.

அன்புடன்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு