தெருக் கேமராப் பதிவுகளுக்கு விதிமுறை கேட்டு மனு

அனுப்புநர்
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
குடியிருப்போர் நலச் சங்கம்.
(முகவரியும் கையொப்பங்களும் இணைப்பில்)

பெறுநர்
அரசு முதன்மைச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி நிர்வாகம் மற்றும் குடிநீர் வழங்கல் துறை,
தலைமைச் செயலகம், சென்னை - 600 009.

மதிப்பிற்குரிய அய்யா / அம்மா,

பொருள்: ஸ்மார்ட் சிட்டி நகரங்களில் தெருக் கேமராப் பதிவுகளை யார் பார்க்கலாம், எத்தனை நாளில் அழிக்க வேண்டும் என விதிமுறை வகுக்கக் கோருதல் - தொடர்பாக.

வணக்கம். மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் தேர்வான தமிழ்நாட்டின் 11 நகரங்களில் எங்கள் ஊரும் ஒன்று. 2015 ஜூன் 25இல் தொடங்கிய திட்டம் 2025 மார்ச் 31உடன் முடிந்துவிட்டது. ஆனால் அதில் நட்ட கேமராக் கம்பங்களும் அவற்றின் பதிவுகளைப் பார்க்கும் கட்டுப்பாட்டு அறைகளும் அப்படியே இயங்குகின்றன. இனி அவற்றுக்கு மாநில அரசும் உள்ளாட்சிகளும்தான் பொறுப்பு என்பதால் தங்களுக்கு எழுதுகிறோம்.

எங்கள் தெருமுனையிலும் ஒரு ஸ்மார்ட் கம்பம் நிற்கிறது. மேலே எல்.இ.டி. விளக்கு, அதற்குக் கீழே வைஃபை பெட்டி, ஒலிபெருக்கி, காற்றின் தரம் காட்டும் திரை (அது பல மாதமாக இருண்டே கிடக்கிறது, அதற்குத் தனி மனு கொடுத்திருக்கிறோம்), நான்கு கேமராக்கள். மூன்று கேமராக்கள் சாலையைப் பார்க்கின்றன. நான்காவது, எதிரிலுள்ள பெண்கள் விடுதியின் முதல் மாடி பால்கனிக்கு நேராக இருக்கிறது. துணி காயப்போடும் இடம். அங்கே தங்கியிருக்கும் பெண்கள் பழைய போர்வையை மறைப்பாகக் கட்டியிருக்கிறார்கள். கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைக்கச் சொல்லி வார்டு அலுவலகம் போனோம். "அது கன்ட்ரோல் ரூம் பார்க்கிறது சார்" என்றார்கள். அங்கே கேட்டால் பராமரிப்பு ஒப்பந்ததாரரைக் கைகாட்டினார்கள். அவருடைய ஆள் காவல் நிலையத்தில் எழுதி வாங்கி வரச் சொன்னார். காவல் நிலையத்திலோ, கம்பம் மாநகராட்சியுடையது என்று சொல்லிவிட்டார்கள். கம்பத்தில் ஒரே ஓர் எண் ஒட்டியிருக்கிறது. அது மின் இணைப்பு எண்.

கேமராவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இதே தெருவில் செயின் பறிப்பு நடந்தபோது வண்டி எண்ணைக் காட்டிக்கொடுத்தது இந்தக் கம்பம்தான். அந்தச் சில நொடிப் பதிவு போக, மற்றதெல்லாம் எங்கே போகிறது, யார் கையில் இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி. குடிநீர் வராமல் காலிக் குடத்தோடு சாலையோரம் நின்ற பெண்களில் ஒருவர், "கேமரா இருக்குடி, அந்தப் பக்கம் தள்ளி நில்லு" என்று தன் மகளிடம் சொன்னதைக் காதால் கேட்டோம். தண்ணீர் கேட்பதற்குக்கூட முகத்தை மறைக்கத் தோன்றுகிறது என்றால், அது திருடனைப் பிடிக்க வைத்த கேமராவின் வேலை இல்லை.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24இல், புட்டசாமி வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. பொது இடத்துக்கு வந்துவிட்டார் என்பதாலேயே ஒருவர் அதை இழந்துவிடுவதில்லை என்றும் அத்தீர்ப்பில் சொல்லப்பட்டிருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, சரி, இனி ஒரு வரையறை கிடைக்கும் என்று நம்பினோம். படித்துப் பார்த்தால் ஏமாற்றம்தான். நோக்கம் முடிந்ததும் தரவை அழிக்க வேண்டும் என்கிறது 8(7) பிரிவு. அந்தக் கடமை அரசுக்கும் அரசு அமைப்புகளுக்கும் பொருந்தாது என்கிறது 17(4) பிரிவு. அதாவது மளிகை ஆப் எங்கள் முகவரியை அழிக்க வேண்டும். தெருக் கம்பம் எங்கள் முகத்தை வைத்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் அழிக்கும்படி அந்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லையே தவிர, அழிக்கக் கூடாது என்று தடுக்கவில்லை. அந்தக் காலக்கெடுவை மாநில அரசே ஓர் அரசாணையில் வைக்கலாம். நாங்கள் முக்கியமாகக் கேட்பது இதைத்தான்.

பதிவு சேரச் சேர ஆபத்தும் சேரும். தமிழ்நாடு காவல் துறையின் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் இணையதளத்தில் ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் களவு போனதை 2024 மே மாதம் அத்துறையே ஒப்புக்கொண்டது.

அமெரிக்காவின் சான் டியாகோவில், மின்சாரம் மிச்சமாகும், போக்குவரத்தைக் கணக்கெடுக்கலாம் என்று சொல்லி 2016இல் ஒப்புதல் வாங்கினார்கள். 3,000க்கும் மேற்பட்ட தெருவிளக்குகளில் கேமராக்கள் ஏறின. அப்புறம் அந்தப் பதிவுகளைக் காவல் துறை விசாரணைக்கு எடுக்கத் தொடங்கியது. மக்களுக்கு அது தாமதமாகத்தான் தெரியவந்தது. எதிர்ப்பு வலுத்து 2020இல் மேயர் அவற்றை நிறுத்தச் சொன்னார். 2022இல், இத்தகைய கருவிகளுக்கு நகர மன்றத்தின் அனுமதி கட்டாயம் என்று சட்டம் வந்தது. 2023இல் மன்றம் விவாதித்து மறுபடி கேமராக்களை அனுமதித்தது. முதலிலேயே மக்களிடம் கேட்டிருந்தால் நடுவில் இத்தனை வருடச் சண்டை இருந்திருக்காது. கேட்பதற்கு நம்மிடம், வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் இருக்கின்றன. 2022 நவம்பர் 1 முதல் கூடுகின்றன.

ஆகவே, குற்ற வழக்குக்குத் தேவைப்படாத பதிவுகளை 30 நாளில் அழிக்கும்படி அரசாணை வெளியிட வேண்டும். காவல் துறையோ வேறு துறையோ பதிவு கேட்டால் அதை எழுத்தில் பெற்று, யார் எதற்காக எடுத்தார்கள் என்று பதிவேட்டில் குறிக்க வேண்டும். ஒவ்வொரு கம்பத்திலும் நோக்கமும் பொறுப்பு அலுவலரின் தொலைபேசி எண்ணும் தமிழில் இருக்க வேண்டும். புதிய கேமராவோ முகம் அறியும் மென்பொருளோ வாங்கும் முன் அந்தத் திட்டத்தைப் பகுதி சபையில் வைக்க வேண்டும். முகம் அறியும் மென்பொருளுக்கு அது மட்டும் போதாது. தனிச் சட்டம் வரும்வரை தெருக் கேமராக்களோடு அதை இணைக்கவே கூடாது. விடுதியைப் பார்க்கும் கேமராவுக்கு அரசாணை எல்லாம் தேவையில்லை, ஓர் ஏணியும் ஆளும் போதும். அதை மட்டும் இந்த வாரமே திருப்பி வைக்க உத்தரவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

மனுவின் மீது எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்குமாறும் பணிவுடன் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இணைப்பு: கையொப்பப் பட்டியல், கம்பத்தின் புகைப்படங்கள் (விடுதிப் பெண்கள் கேட்டுக்கொண்டபடி பால்கனி தெரியாமல் எடுத்தவை).