பெப்ரவரியில் ஒருதரம் வந்து பார்

அன்பு மகனுக்கு,

நீ அனுப்பிய வீடியோவை அம்மாவும் நானும் மூன்று தரம் பார்த்தோம். விக்டோரியாவில், ஹீத்கோட்டுக்கு வெளியே 20 ஏக்கர், மேட்டில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை, கீழே நிரம்பிய குட்டை. அம்மாவுக்குச் சரியான சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் தம்பி, நீ அதை எடுத்தது ஒக்டோபரில். ஒக்டோபர் இங்கே வசந்தகாலம், இந்தப் பக்கம் பச்சையாக இல்லாத காணியே கிடையாது. கையெழுத்து வைக்க முதல், இங்கே கோடையான பெப்ரவரியில் ஒருதரம் பிரிஸ்பேனிலிருந்து வந்து அந்த மேட்டில் நில். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம்முடைய காணியை நான் வாங்கியதும் ஒரு ஒக்டோபரில்தான், 1999இல். நீ சின்னப் பிள்ளை, அந்தக் குட்டையில் கல் எறிந்து விளையாடினாய். யாழ்ப்பாணத்தில், ஊரில் காணி பார்க்கப் போனால் உன் அப்பப்பா முதலில் கிணற்றடிக்குத்தான் போவார். துலாவில் ஒரு வாளி அள்ளி, வாயில் விட்டுக் கொப்பளித்து, உவரா நன்னீரா என்று பார்த்த பிறகுதான் மற்றக் கதை. அவரோடு கூடப் போய்ப் பழகியவன் நான். ஆனாலும் நிரம்பிய குட்டையைக் கண்டதும் தண்ணீருக்குக் கவலையில்லை என்று நம்பிவிட்டேன். 2002இல் மழை பொய்த்தது. அடுத்த தை மாதம் குட்டையின் அடி வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கையை விட்டேன், மணிக்கட்டு வரை போனது. நட்ட ஒலிவ் கன்றுகளில் பாதிக்கு மேல் காய்ந்துவிட்டன. மில்லேனியம் வறட்சி என்று பிறகு பெயர் வைத்தார்கள். அது 2009 வரை இழுத்தது.

குட்டையில் தண்ணீர் இருப்பது வேறு, அதை எடுக்க உரிமை இருப்பது வேறு. விக்டோரியாவில் வீட்டுத் தேவைக்கும் ஆடுமாட்டுக்கும் எடுக்கலாம். விற்பதற்குப் பயிர் செய்து இறைப்பதென்றால் அனுமதிப்பத்திரம் வேண்டும். 2002இல் சட்டம் மாறியதிலிருந்து குட்டைத் தண்ணீருக்கும் அப்படித்தான். நீ உள்ளி போட்டுச் சந்தைக்குக் கொண்டுபோக நினைக்கிறாய். காணியோடு தண்ணீர் அனுமதியும் வருகிறதா என்று சட்டத்தரணி மூலம் எழுத்தில் கேள். கூரைத் தண்ணீரையும் குறைவாக எண்ணாதே. 200 சதுர மீட்டர் கூரையில் 500 மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு இலட்சம் லீட்டர். கொஞ்சம் வீணாகும், அப்படியிருந்தும் குடும்பத்துக்குக் காணும்.

இனி அந்த மேடு. வீட்டை அங்கேதான் கட்டுவேன் என்று சொன்னாய். வீடியோவில் நீ வடமேற்காகத் திரும்பியபோது நான் நிறுத்திப் பார்த்தேன். சரிவு முழுக்க அரசாங்கக் காடு, ஐயன்பார்க், பொக்ஸ் என்ற யூக்கலிப்டஸ் மரங்கள். தீ சமதரையை விட ஏற்றத்தில் வேகமாக ஓடும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று நாட்டுப்புறத் தீயணைப்புச் சேவையான சி.எஃப்.ஏ.யின் தொண்டர் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்.

ஊரில் வாடை என்றால் நமக்கு மழையும் குளிரும். இங்கே கோடையில் வடக்கிலிருந்து வருவது பாலைவனக் காற்று, முகத்தைச் சுடும். பிறகு சோழகம் மாதிரித் தென்மேற்கிலிருந்து குளிர்காற்று அடிக்கும். அப்பாடா என்று எல்லோரும் மூச்சு விடுகிற அந்த நேரம்தான் மிக மோசம். அதுவரை தென்கிழக்காக நீளமாக ஓடிய தீயின் பக்கம் முழுவதும் அப்போது தீ முகமாகத் திரும்பிவிடும். 2009 பெப்ரவரி 7ஆம் திகதி மெல்பேர்னுக்கு வடக்கே கில்மோர் ஈஸ்டில் தொடங்கிய தீ அப்படித்தான் திரும்பியது. அன்று மூண்ட தீகளில் மாநிலம் முழுவதும் 173 பேர் போய்விட்டார்கள்.

அன்று மெல்பேர்னில் 46.4 பாகை. உன்னையும் அம்மாவையும் முதல் நாளே சித்தி வீட்டுக்கு அனுப்பியது உனக்கு ஞாபகம் இருக்கும். பம்ப் இருக்கிறது, தாங்கியில் தண்ணீர் இருக்கிறது என்று நான் காணியில் நின்றேன். பின்னேரம் ரெட்ஸ்டேல் பக்கம் புகை எழுந்தது. காற்று மாறிய பிறகு, முற்றத்தில் வைத்திருந்த வாளிக்குள் சுர்ரென்று ஏதோ விழுந்தது. எட்டிப் பார்த்தேன், விரல் நீளத்தில் கருகிய மரப்பட்டை. அடுத்தது வாசல் கால்மிதியில் விழுந்து புகைந்தது. தீ எங்கே நிற்கிறது என்று கண்ணுக்கே தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது, அதோடு பம்பும் நின்றது. கால்மிதியை உதைத்துத் தள்ளிவிட்டுக் கார்த் திறப்பை எடுத்தேன். காணி தப்பியது, காற்று எங்கள் பக்கம் தீயைக் கொண்டுவரவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்கு இதை இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. அந்த மேட்டில் உன் பிள்ளைகள் நிற்பதை நினைத்தால் எனக்கு நித்திரை வருவதில்லை.

உன் காணிக்குப் போக ஒரே ஒரு பாதை, அதுவும் காட்டுக்குள்ளால். இரண்டாவது வழி உண்டா என்று கேள். தீயணைப்பு லொறி உள்ளே வந்து திரும்ப முடியுமா என்றும் பார்.

சரி, கடதாசி விஷயம். 20 ஏக்கர் என்றால் 8 ஹெக்டேர். விவசாய வலயத்தில் பொதுவாக 40 ஹெக்டேருக்குக் குறைந்த காணியில் வீடு கட்டத் திட்ட அனுமதி எடுக்க வேண்டும், அது கட்டாயம் கிடைக்கும் என்றில்லை. காட்டுத்தீ மேலாண்மை வலயத்துக்குள் வந்தால் மரம் வெட்டி இடைவெளி விட வேண்டும், தீயணைப்புக்கென்றே 10,000 லீட்டர் தாங்கி தனியாக வைக்க வேண்டும். செக்‌ஷன் 32 பத்திரத்தை, அதாவது விற்பவர் காணியைப் பற்றி எழுதித் தருகிற அறிக்கையை, ஒரு வரி விடாமல் வாசி. காப்புறுதிக்கு எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை வாங்கிய பிறகு அல்ல, இப்போதே விசாரி.

வாங்காதே என்று சொல்லவில்லை. நீ கையில் அள்ளிக் காட்டிய அந்தச் செம்மண்ணைப் பார்த்ததும் எனக்கு உரும்பிராய்த் தோட்டங்கள்தான் நினைவுக்கு வந்தன. மண் நல்ல மண். தெற்கே றோட்டோரம் ஆடு மேய்ந்த வெளி ஒன்று தெரிகிறதே, வீடு அங்கே வரட்டும். மேட்டிலிருந்து பார்க்கிற காட்சி கிடைக்காது. பின்னேரங்களில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு நடந்து போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வரலாம்.

பெப்ரவரி இரண்டாம் கிழமை லீவு எடு. வடக்குக் காற்று அடிக்கிற நாளாகப் பார்த்து நான் சொல்கிறேன். முழுத் தீத்தடை போட்ட நாளென்றால் காட்டுப் பாதையால் உள்ளே போக வேண்டாம், றோட்டில் நின்று பார்ப்போம். மற்ற நாளென்றால் மத்தியானத்துக்குப் பிறகு மேட்டில் ஏறுவோம். மண்வெட்டியும், குட்டைத் தண்ணீர் எடுத்துச் சோதிக்கக் கொடுக்க இரண்டு போத்தலும் நான் கொண்டு வருகிறேன். தடித்த சப்பாத்து போட்டு வா, காய்ந்த புல்லுக்குள் பாம்பு இருக்கும்.

மிஞ்சிய மரங்கள் இந்த முறை நன்றாகக் காய்த்தன. அம்மா உனக்கென்று ஒலிவ் ஊறுகாய் இரண்டு போத்தல் எடுத்து வைத்திருக்கிறா.

அன்புடன்,
அப்பா